‘220’ என்றால் எந்த 220? இயந்திரம் வடிவமைக்கும் முன் சப்ளையை உறுதிசெய்யும் வழிகள்

வாடிக்கையாளர் நிரப்பி அனுப்பிய படிவத்தில் ‘மின்சப்ளை’ என்ற கட்டத்துக்குள் 220 என்று மட்டும் எழுதியிருந்தது. இயந்திரம் போக வேண்டிய நாடு பிரேசில். அங்கே சில நகரங்களில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 127 வோல்ட், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே 220. வேறு சில நகரங்களில் ஃபேஸ்–நியூட்ரல் 220, ஃபேஸ்–ஃபேஸ் 380. இரண்டு ஊர்க்காரர்களும் ‘எங்களுக்கு 220’ என்றுதான் சொல்வார்கள். இருவர் சொல்வதும் உண்மைதான். நாங்கள் 380 என்று எடுத்துக்கொண்டு பேனல் (இயந்திரத்தின் மின்கட்டுப்பாட்டுப் பெட்டி) வரைபடத்தில் பாதி தூரம் போய்விட்டோம். யாரோ சந்தேகப்பட்டு மறுபடி கேட்டபோதுதான் அது ஃபேஸ்–ஃபேஸ் 220 என்று தெரிந்தது. 30 கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர்) சுமைக்கு 380-இல் 46 ஆம்பியர் போதும். 220-இல் 79 ஆம்பியர் ஆகிறது. பிரேக்கர், கான்டாக்டர் (மோட்டாரை இயக்கி நிறுத்தும் மின்சுவிட்ச்), கேபிள், பேனல் பெட்டியின் அளவு என்று எல்லாம் மாறின. பொருள் எதுவும் வாங்கியிருக்கவில்லை, அதனால் பிழைத்தோம்.

சப்ளையைத் தெரிந்துகொள்ள வழிகள் பல. நாட்டுப் பட்டியலைப் பார்க்கலாம், படிவம் அனுப்பிக் கேட்கலாம், புகைப்படம் வாங்கலாம், மீட்டர் வைத்து அளக்கச் சொல்லலாம், ஒரு வாரம் பதிவு செய்யச் சொல்லலாம். பதில் கிடைக்கவே கிடைக்காது என்றால் எதற்கும் பொருந்துகிற மாதிரி வடிவமைக்கலாம், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் வைத்துவிடலாம். இவை ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. சில வழிகள் விலை சொல்ல மட்டும் உதவும், ஒன்று கையெழுத்துக்கு உதவும், வடிவமைப்பை நம்பி ஒப்படைக்கக்கூடியவை ஒன்றிரண்டுதான்.

தெரிய வேண்டியது ஒரு எண் மட்டுமல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைன் வோல்டேஜ் (ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே உள்ளது), ஹெர்ட்ஸ், எத்தனை ஃபேஸ், நியூட்ரல் வருகிறதா, எர்த்திங் எப்படி, ஏற்ற இறக்கம் எவ்வளவு, ஷார்ட் சர்க்யூட் ஆனால் அந்த இடத்தில் எத்தனை ஆம்பியர் பாயும். ஒவ்வொரு வழியும் இதில் எத்தனைக்குப் பதில் தருகிறது என்று பார்த்தால் ஒப்பீடு சுலபம்.

நாட்டுப் பட்டியல்

ஐந்து நிமிட வேலை. சர்வதேச மின்தரநிலையான ஐஇசி 60038 சொல்லும் 230/400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பது உலகத்தின் பெரும்பகுதிக்குச் சரியாகவே இருக்கும். விலைப்புள்ளி கொடுக்கும்போது நானும் இதைத்தான் பார்க்கிறேன். அதற்கு மேல் இதை நம்பக் கூடாது.

அமெரிக்காவில் ஒரே தெருவில் 208, 240, 480 மூன்றும் இருக்கும். கனடாவில் பல தொழிற்சாலைகளில் 600. ஜப்பானில் மூன்று ஃபேஸ் 200 வோல்ட். ஆனால் டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. ஒரு நிறுவனம் தன் இயந்திரத்தை ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்கு நகர்த்தினாலே ஹெர்ட்ஸ் மாறிவிடும். நார்வேயில் பல இடங்களில் இன்னும் ஃபேஸ்–ஃபேஸ் 230தான், நியூட்ரல் கிடையாது. தென்கொரியாவில் 380 வோல்ட், ஆனால் 60 ஹெர்ட்ஸ். சவுதி அரேபியாவில் புதிய இணைப்புகள் 400 வோல்ட், அங்கேயும் 60 ஹெர்ட்ஸ். 400 என்றதும் கை தானாக 50 என்று எழுதிவிடும். இந்தப் பழக்கத்தை உடைப்பது சிரமம்.

பட்டியலில் இருப்பது பெயரளவு மதிப்பு என்பது இன்னொரு சிக்கல். பிரிட்டனில் 240/415 என்றிருந்ததை 1995-இல் 230/400 என்று அறிவித்தார்கள். வரம்பு +10, −6 சதவீதம். அதாவது 376 முதல் 440 வரை எதுவும் 400தான். பழைய 415 அதற்குள்ளேயே அடங்கிவிட்டதால் டிரான்ஸ்ஃபார்மர்களை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை. காகிதத்தில்தான் எண் மாறியது. 400 என்று நினைத்து வாங்கிய ஹீட்டரை 415-இல் போட்டால் அது 7 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக எரியும். ஒரே அடியில் எதுவும் ஆகாது. ஆனால் ‘ஹீட்டர் ஏன் அடிக்கடி போகிறது’ என்று யாராவது பிறகு கேட்பார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமான காரணம் இது: பெரிய தொழிற்சாலைகள் உயர் அழுத்தத்தில் மின்சாரம் வாங்கித் தங்கள் சொந்த டிரான்ஸ்ஃபார்மரில் இறக்கிக்கொள்கின்றன. அந்தச் சுவருக்குள் நாட்டின் பட்டியலுக்கு வேலையே இல்லை. 690 இருக்கலாம், வெளிநாட்டிலிருந்து மொத்தமாகக் கொண்டுவந்த பழைய உற்பத்தி வரிசைக்காக 480 இருக்கலாம்.

படிவம்

இயந்திரங்களின் மின்கருவிகளுக்கான ஐஇசி 60204-1 தரநிலையிலேயே வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு மாதிரிப் படிவம் பின்னிணைப்பாக இருக்கிறது. நல்ல படிவம்தான். குறை படிவத்தில் இல்லை, அதை நிரப்புகிறவரிடம் இருக்கிறது. அது பெரும்பாலும் கொள்முதல் பிரிவுக்குப் போகும். அங்கே இருப்பவர் பக்கத்து மேசையில் கேட்டு எழுதுவார், அல்லது பழைய இயந்திரத்தின் படிவத்தைப் பார்த்து எழுதுவார். 460 என்று பதில் வந்தால் மோட்டாரில் பதித்த விவரத் தகட்டை (நேம்பிளேட்) பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் சப்ளை 480, அதில் ஓடும் மோட்டாரின் நேம்பிளேட்டில் 460. இதில் ஆபத்தில்லை. அதே மாதிரி 575 என்று வந்தால் சப்ளை 600. ஆனால் 230 என்று வந்தால்? அது 240 சப்ளைக்கான நேம்பிளேட்டாக இருக்கலாம், ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இருப்பதாக இருக்கலாம், நியூட்ரல் இல்லாத மூன்று ஃபேஸ் 230 ஆகவும் இருக்கலாம்.

கேள்வியை மாற்றினால் பதில் ஓரளவு திருந்தும். ‘உங்கள் வோல்டேஜ் என்ன’ என்று கேட்காமல், ‘எங்கள் இயந்திரத்தை எந்த பேனலின் எந்த பிரேக்கரில் இணைக்கப் போகிறீர்கள், அந்த இடத்தில் ஃபேஸ்–ஃபேஸ் எவ்வளவு, யார் எப்போது அளந்தார்’ என்று கேட்டால், கொள்முதல்காரர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரீஷியனிடம் போயே ஆக வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

ஆனாலும் படிவத்தை உண்மையைக் கண்டுபிடிக்கும் கருவியாக நான் பார்ப்பதில்லை. வேறு வழியில் கண்டுபிடித்த உண்மையைப் பூட்டி வைக்கும் கருவி அது. கையெழுத்தும் தேதியும் இருந்தால் பின்னால் மாற்றத்துக்கு யார் பணம் கொடுப்பது என்ற பேச்சு சீக்கிரம் முடியும். அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையில் அதற்கு நிகர் இல்லை.

புகைப்படம்

குறைந்த செலவில் அதிகம் சொல்வது இதுதான். நான் கேட்பது மூன்று படங்கள்: டிரான்ஸ்ஃபார்மர் நேம்பிளேட், இயந்திரம் இணையப் போகும் பேனலின் முகப்பும் அதன் லேபிளும், அந்த பிரேக்கரின் மேலுள்ள எழுத்து படிக்கிற மாதிரி ஒரு நெருக்கப் படம்.

டிரான்ஸ்ஃபார்மர் நேம்பிளேட் ஒரு புதையல். செகண்டரி (வெளியே தரும் பக்கம்) வோல்டேஜ், ஹெர்ட்ஸ், கேவிஏ, வைண்டிங் இணைப்பு, இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்கு உள்ள தடை) சதவீதம் எல்லாம் ஒரே தகட்டில். டிஒய்என்11 என்று இருந்தால் செகண்டரி ஸ்டார் (மூன்று சுருள்களும் ஒரு நடுப்புள்ளியில் சேரும் இணைப்பு), நியூட்ரல் வெளியே எடுத்திருக்கிறார்கள் என்று புரியும். இம்பீடன்ஸை வைத்து ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தையும் கணக்கிடலாம்: 1000 கேவிஏ, 400 வோல்ட், 5 சதவீதம் என்றால் முழுச்சுமை மின்னோட்டம் 1443 ஆம்பியர், அதை 0.05-ஆல் வகுத்தால் சுமார் 29 கிலோஆம்பியர். கேபிள் நீளத்துக்கு ஏற்ப இது குறையும், ஆனாலும் இது சின்ன எண் இல்லை. அமெரிக்காவுக்குப் போகும் பேனல்களில் பல பாகங்களுக்கு எவ்வளவு ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைத் தாங்கும் என்ற தனி மதிப்பு குறிக்கப்படாவிட்டால், அங்குள்ள பேனல் தரநிலையான யூஎல் 508ஏ அவற்றுக்கு 5 கிலோஆம்பியர்தான் கொடுக்கிறது. வோல்டேஜ் சரியாக இருந்தும், இந்த ஒரு எண்ணால் பேனல் ஆய்வில் நின்றுபோவது உண்டு.

படத்தைப் படிப்பதிலும் கொஞ்சம் பக்குவம் வேண்டும். தகட்டில் 433 அல்லது 420 என்று இருந்தால் பதற வேண்டாம். அது சுமை இல்லாதபோது உள்ள மதிப்பு, சுமை ஏறினால் 415, 400 என்று இறங்கும். டேப் (வோல்டேஜைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் இணைப்புப் புள்ளி) எந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள் என்பது தகட்டில் தெரியாது. பொதுவாக இரண்டரை சதவீதப் படிகளாக 5 சதவீதம் வரை மேலும் கீழும் நகர்த்தலாம். அதனால் படம் முக்கால் பதில்தான்.

மீட்டர்

மிச்சமிருக்கும் கால்வாசி இங்கே. இயந்திரம் இணையப் போகும் அதே இடத்தில், தகுதியுள்ள எலக்ட்ரீஷியன், முறையான பாதுகாப்போடு அளந்து சொல்லும் எண்கள். ஃபேஸ்–ஃபேஸ் மூன்று, ஃபேஸ்–எர்த் மூன்று, நியூட்ரல் இருந்தால் ஃபேஸ்–நியூட்ரல் மூன்று. முதல் மூன்றை எல்லோரும் அனுப்புவார்கள். இரண்டாவது மூன்றைத் துரத்தித்தான் வாங்க வேண்டும். துரத்துவது வீண் போகாது.

ஏனென்றால் எர்த்திங் எப்படி என்பதை அந்த மூன்று எண்கள்தான் காட்டிக்கொடுக்கும். 480, 480, 480 என்று வந்து எர்த்துக்கு 277, 277, 277 என்றால் நடுப்புள்ளி எர்த் செய்த ஸ்டார். எர்த்துக்கு 480, 480, 0 என்று வந்தால் ஒரு மூலை எர்த் செய்த டெல்டா (மூன்று சுருள்களும் முக்கோணமாக இணையும் வகை); முதல்முறை பார்க்கிறவர் ஃபியூஸ் போய்விட்டது என்றே நினைப்பார். 240 டெல்டாவில் 120, 120, 208 என்று வந்தால் ஒரு ஃபேஸ் மட்டும் உயர்ந்து நிற்கும் வகை; 120 வோல்ட் கருவியை அந்த ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இணைத்தால் புகைதான். எர்த்துக்கு எண்கள் நிலையில்லாமல் ஆடினால் எர்த்தே செய்யாத சப்ளை.

லைன் வோல்டேஜ் நான்கிலும் சரி. ஆனால் ‘480ஒய்/277’ என்று சாய்கோடு போட்டுக் குறித்திருக்கும் பிரேக்கர் முதல் வகைக்கு மட்டுமே ஆகும். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்குள் எர்த்தோடு இணைந்திருக்கும் ஃபில்டர் மற்ற வகைகளில் சேதமாகலாம். பல டிரைவ்களில் அதைத் துண்டிக்க ஒரு ஸ்க்ரூ வைத்திருப்பார்கள், கையேட்டில் அதைப் பற்றி ஒரு பக்கமும் இருக்கும். அந்தப் பக்கத்தை டிரைவ் போன பிறகுதான் எல்லோரும் படிக்கிறார்கள்.

மீட்டரின் பலவீனம், அது அந்த நிமிடத்தை மட்டும் சொல்கிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாதி ஆலை நின்றிருக்கும்போது அளந்தால் அழகான எண் வரும். குறைந்தபட்சம் ஆலை முழு ஓட்டத்தில் ஒருமுறை, ஓட்டமில்லாதபோது ஒருமுறை கேட்பேன். மூன்று ஃபேஸும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகுகின்றன என்றும் பார்க்க வேண்டும். சமமின்மை 3.5 சதவீதம் ஆனாலே மோட்டாரின் வெப்ப உயர்வு சுமார் 25 சதவீதம் கூடும் என்பது மோட்டார்க்காரர்களின் பழைய கணக்கு.

ஒரு வாரப் பதிவுக்கருவி இதற்கு அடுத்த படி. எல்லா வேலைக்கும் அது தேவையில்லை. நீளமான லைனின் கடைசியில் இருக்கும் ஆலை, ஜெனரேட்டரில் ஓடும் ஆலை, ‘இங்கே டிரைவ் அடிக்கடி டிரிப் ஆகும்’ என்று வாய் தவறிச் சொல்லிவிட்ட வாடிக்கையாளர், இவர்களிடம் மட்டும் கேட்பேன். ஐஇசி 60204-1 படி இயந்திரம் பெயரளவின் 90 முதல் 110 சதவீதம் வரை ஓட வேண்டும். ஐரோப்பாவின் மின்சப்ளைத் தரநிலையான ஈஎன் 50160 படி பத்து நிமிடச் சராசரிகளில் 95 சதவீதம் அந்த 10 சதவீத வரம்புக்குள் இருந்தால் போதும். மீதி 5 சதவீதம் என்பது வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல்! மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தில் இறங்கும். 90 சதவீதத்தில் 81தான் மிஞ்சும். நிறைந்த சுமையோடு கிளம்ப வேண்டிய கன்வேயருக்கு அந்த 19 சதவீதம் பெரிய விஷயம்.

பதிலே வராவிட்டால்

இறுதி வாடிக்கையாளர் யார் என்றே தெரியாமல் விற்பனையாளர் வாங்கிக் கையிருப்பில் வைக்கும் இயந்திரங்கள் உண்டு. அப்போது கேள்வி கேட்க ஆளே இல்லை. இரண்டு வழிகள்.

ஒன்று, எதற்கும் பொருந்தும் வடிவமைப்பு. 380 முதல் 480 வரை ஏற்கும் டிரைவ்கள் இன்று சாதாரணம். 50, 60 ஹெர்ட்ஸ் இரண்டும் அவற்றுக்கு ஒன்றுதான். கன்ட்ரோல் முழுவதும் 24 வோல்ட் டிசி, அதற்கு அகன்ற வரம்புள்ள பவர் சப்ளை என்று வைத்துவிட்டால் கான்டாக்டர் காயில் முதல் சென்சார் வரை எதற்கும் வெளியே என்ன வோல்டேஜ் என்று தெரியத் தேவையில்லை. எல்லா மோட்டாரும் டிரைவில் ஓடும் இயந்திரத்துக்கு இது அருமையான வழி. டிரைவ் தனக்கு வரும் வோல்டேஜுக்கு மேல் வெளியே கொடுக்க முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்து மோட்டாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 208, 240, 600 இந்த வரம்புக்கு வெளியே என்பதையும் மறக்கக் கூடாது.

நேரடியாக லைனில் ஓடும் மோட்டார் ஒன்று இருந்தாலும் கதை மாறும். 400 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை 480 வோல்ட் 60 ஹெர்ட்ஸில் போட்டால் வோல்ட்டுக்கும் ஹெர்ட்ஸுக்கும் உள்ள விகிதம் எட்டுக்கு எட்டு, காந்தப்புலம் மாறாது. மோட்டார் 20 சதவீதம் வேகமாக ஓடும், அவ்வளவுதானே என்று தோன்றும். அது மையவிலக்கு பம்பை ஓட்டுகிறது என்றால் கேட்கும் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும்: 1.2-இன் மூன்றாம் அடுக்கு 1.73. மோட்டார் கூடுதலாகத் தரக்கூடியது 20 சதவீதம், பம்பு கேட்பது 73 சதவீதம். ஓவர்லோடு ரிலே மோட்டாரை நிறுத்தித் தன் கடமையைச் செய்யும். அதே மோட்டாரை 400 வோல்ட் 60 ஹெர்ட்ஸில் போட்டால் எதிர்த்திசைச் சிக்கல். உச்ச முறுக்குவிசை 70 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். ஹீட்டருக்கு ஹெர்ட்ஸ் கவலை இல்லை, ஆனால் 400-க்குச் செய்ததை 480-இல் போட்டால் திறன் 1.44 மடங்கு.

இரண்டாவது வழி டிரான்ஸ்ஃபார்மர். இயந்திரத்தை ஒரே வோல்டேஜுக்கு வடிவமைத்துவிட்டு, முன்னால் பல டேப் உள்ள ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (உள்ளே வரும் பக்கத்தையும் வெளியே தரும் பக்கத்தையும் மின்தொடர்பின்றிப் பிரிப்பது) வைப்பது. உருவம் பெரிது, எடை, வெப்பம், சத்தம், ஸ்விட்ச் போடும் நொடியில் பத்து மடங்கு வரை எகிறும் மின்னோட்டம் என்று குறைகள் வரிசையாக இருக்கின்றன. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சுருளைப் பயன்படுத்தும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் சின்னது, ஆனால் எர்த்திங் சிக்கலை அது தீர்க்காது. எதுவானாலும் ஹெர்ட்ஸை மாற்றாது.

ஆனாலும் எனக்கு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் மேல் ஒரு மரியாதை உண்டு. டெல்டா–ஸ்டார் வைத்தால் வெளியே எர்த்திங் எப்படி இருந்தாலும் உள்ளே நமக்கு வேண்டிய நியூட்ரல் கிடைக்கும். ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டமும் அடங்கும்: 50 கேவிஏ, 4 சதவீத இம்பீடன்ஸ் என்றால் 400 வோல்ட் பக்கம் சுமார் 1.8 கிலோஆம்பியருக்கு மேல் வராது. சின்ன இயந்திரம், தெரியாத ஊர் என்றால் யோசிக்காமல் இதுதான். 200 கேவிஏ இயந்திரத்துக்கு இதைச் சொன்னால் தளவமைப்புக்காரர் அடிக்க வருவார். அங்கே இரண்டு நாள் செலவழித்து வாடிக்கையாளரைத் துரத்துவதே மலிவு.

சரி, நான் செய்யும் வரிசை இது. விலை சொல்லும்போது பட்டியல். அந்த ஊகத்தை விலைப்புள்ளியிலேயே எழுதி, மாறினால் விலை மாறும் என்றும் எழுதிவிடுவேன். ஆர்டர் வந்ததும் புகைப்படங்கள். பிரேக்கரும் டிரைவும் மோட்டாரும் வாங்க ஆர்டர் போடும் முன் மீட்டர் எண்கள், அவற்றை வைத்து நானே நிரப்பிய படிவம், அதில் அவர்களின் கையெழுத்து. கட்டடமே இன்னும் எழும்பாத புதிய ஆலை என்றால் அளக்க எதுவும் இருக்காது. அப்போது மின் ஆலோசகரின் ஒற்றைக்கோட்டு வரைபடம், அதன் திருத்த எண்ணோடு. திருத்த எண் இல்லாத வரைபடத்தை வாங்காதீர்கள், கடைசி நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றியது உங்களுக்கு மட்டும் தெரியாமல் போகும்.

இவ்வளவுக்குப் பிறகும் பேனல் முடிந்த பின்னால் ‘மன்னிக்கவும், அது 480 இல்லை, 240’ என்று மின்னஞ்சல் வரலாம். இரட்டை வோல்டேஜ் மோட்டாராக வாங்கியிருந்தால் டெர்மினல் இணைப்பை மாற்றினால் போதும். கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபார்மரில் டேப் மாற்றலாம். மின்னோட்டம் இரட்டிப்பாவதால் பிரேக்கர், கான்டாக்டர், ஓவர்லோடு, உள்வரும் கேபிள் புதிதாக வேண்டும். டிரைவ் வேறு வகுப்பு. இவை பெரும்பாலும் கையிருப்பில் கிடைக்கும் பொருள்கள். அளவு சொல்லிச் செய்ய வேண்டியது ஹீட்டர் ஒன்றுதான், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதனால் அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதும் முன்பே ஹீட்டர் செய்பவருக்கு ஒரு போன் போட்டுவிடுவேன்.